கப்பிங்: குழிவு

கண் அழுத்த நோய்க்காக (கிளாக்கோமா) பரிசோதனைக்குப் போனவர்களுக்கு 'கப் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது' என்ற பேச்சு பழக்கமானது. மருத்துவச் சீட்டிலும் 'சி.டி.ஆர். 0.7' என்று, அதாவது கப்புக்கும் டிஸ்க்குக்கும் உள்ள விகிதம், எழுதியிருக்கும். கண்ணின் பின்பக்கம் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் உள்ள பள்ளமே கப்; அது நோயால் பெரிதாவது கப்பிங். இந்தக் கப்பை, கப்பிங்கைத் தமிழில் 'கோப்பை' என்று நேராக வைத்துவிடலாம்தான். ஆனால் கோப்பை வடிவத்தை மட்டுமே காட்டும். அங்கே நடப்பதோ இழப்பு. ஆகவே 'குழிவு' என்பதே பொருத்தம் என்பேன்.

விழித்திரை முழுவதிலிருந்தும் வரும் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பு இழைகள் ஓரிடத்தில் கூடி, கண்ணின் பின்சுவரைக் கடந்து மூளைக்குப் புறப்படுகின்றன. அந்த இடம் பார்வை நரம்பு முகப்பு. முன்னாலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரிவதால் அதற்கு டிஸ்க் என்று பெயர். மூலமான கிரேக்கச் சொல் எறிகிற வட்டைக் குறிப்பது. பள்ளி விளையாட்டு விழாவில் நாம் 'வட்டு எறிதல்' என்கிறோமே, அதே வட்டு; 'பார்வை வட்டு' என்று தயங்காமல் எழுதலாம்.

இழைகள் வட்டின் விளிம்பை ஒட்டி வளைந்து இறங்குவதால் நடுவில் இழையற்ற ஒரு பள்ளம் நலமான கண்ணிலும் உண்டு. நோயில் இழைகள் அழிய அழிய விளிம்பு மெலிகிறது, பள்ளம் அகலுகிறது. பள்ளத்தின் தரையாக இருப்பது லாமினா கிரிப்ரோசா. லத்தீனில் லாமினா தகடு, கிரிப்ரம் சல்லடை. தமிழில் சல்லடைத் தகடு. இழைகள் நுழைந்து போகும் துளைகள் நிறைந்த இந்தத் தகட்டில்தான் அவை முதலில் காயப்படுகின்றன; தகடும் பின்னோக்கி வளைகிறது. விளிம்பு மெலிவது, தகடு பின்வாங்குவது, இரண்டும் சேர்ந்ததே குழிவு. 0.7 என்றால் வட்டின் செங்குத்து விட்டத்தில் பத்தில் ஏழு பங்கைக் குழிவு பிடித்திருக்கிறது என்று பொருள். இந்த எண்ணை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம்: பிறவியிலேயே வட்டு பெரிதாக இருந்தால் குழிவும் பெரிதாக இருக்கும். சிறிய வட்டில் 0.5 கூடச் சந்தேகத்துக்கு உரியது.

சொல்லின் வரலாறு சுவையானது. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணுள்நோக்கியை அறிமுகப்படுத்திய பிறகே உயிருள்ள மனிதரின் பார்வை வட்டைப் பார்க்க முடிந்தது. 1854இல் பெர்லினின் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, அழுத்த நோயில் வட்டு வீங்கியிருப்பதாகவே எழுதினார். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவியில் மேடும் பள்ளமும் எளிதில் இடம் மாறித் தோன்றும். சில ஆண்டுகளுக்குள் அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். உடற்கூறியல் அறிஞர் ஹைன்ரிஷ் முல்லர் இறந்தவர்களின் கண்களை ஆராய்ந்து அது பள்ளமே என்று உறுதிசெய்தார். ஜெர்மானியர் வைத்த பெயர் எக்ஸ்கவேஷன். அதன் லத்தீன் வேர் 'குடைந்து பள்ளமாக்கு' என்பது. 'குழிவு' இந்தப் பொருளுக்கு ஆங்கிலக் கப்பைவிட நெருக்கமானது.

1991இல் வந்த ஓ.சி.டி. படக்கருவி அகச்சிவப்பு ஒளியால் இந்தப் பள்ளத்தின் குறுக்குவெட்டைக் காட்டுகிறது. வட்டின் விளிம்பு என்று மருத்துவர் கண்ணால் குறித்த கோடு பல கண்களில் ஒரே திசுவால் ஆனதல்ல என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. அதனால் விழித்திரைக்கு அடியிலுள்ள மெல்லிய புரூக் படலம் முடிகிற வாயை எல்லையாகக் கொண்டு, அங்கிருந்து நரம்புத் திசுவின் உள்பரப்புக்கு உள்ள மிகக் குறைந்த தூரத்தை விளிம்பின் தடிமனாக அளக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் திசை. பார்வையின் மையமான ஃபோவியா, வட்டின் நடுவுக்கு நேர் எதிரே இல்லை. இரண்டையும் இணைக்கும் கோடு சராசரியாக ஏறத்தாழ 7 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. தலை சற்றுச் சாய்ந்தால் படமும் சாயும். படத்தின் கிடைமட்டத்தை நம்பி மேல், கீழ் என்று பகுதி பிரித்தால், ஒருவருடைய மேல்பகுதியை இன்னொருவருடைய பக்கவாட்டுப் பகுதியோடு ஒப்பிட நேரிடும். ஆகவே புதிய கருவிகள் இந்த இணைப்புக் கோட்டை, அதாவது அந்தந்தக் கண்ணின் சொந்த அச்சையே அடிக்கோடாகக் கொள்கின்றன. இதை 'அச்சுப் பொருத்தம்' எனலாம்.

ஃபோவியாவுக்கும் லத்தீனில் குழி என்றே பொருள். அதை மையக்குழி என்றும், நோயின் பள்ளத்தைக் குழிவு என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது. சி.டி.ஆர். என்பதற்குக் 'குழிவு-வட்டு விகிதம்' போதும்.