கதவிலக்கம் 204

எட்டே வீடுகள் உள்ள ஒரு தெரு. கதவிலக்கம் 1 முதல் 8 வரை வரிசையாக இருக்கிறது (பழைய எண், புதிய எண் குழப்பம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்). ஆறாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பக்கத்து எண்களைக் கூட்டினால் 1+2+3+4+5 = 15. மறுபக்கம் 7+8, அதுவும் 15.

சரி, தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள் இருந்தால் இப்படி நடுநிலையாக நிற்கும் வீடு எது?

1914 டிசம்பரில் லண்டனின் ஸ்டிராண்ட் பத்திரிகையில் வந்த புதிர் இது. அதில் தெரு பெல்ஜியத்தின் லூவெய்ன் நகரில் இருந்தது. பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற பி.சி. மகலனோபிஸ் சில நிமிடம் எண்களைப் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிட்டு, கேம்பிரிட்ஜ் அறையில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்த ராமானுஜனிடம் புதிரைச் சொன்னார். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர் அடுப்பை விட்டு நகராமலே ஒரு தொடர்பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் பின்னத்தை) சொன்னார். இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களும் அந்த ஒரே பின்னத்தில் அடங்கியிருந்தன.

எப்படி? எட்டு வீட்டுத் தெருவையே பாருங்கள். மொத்தக் கூட்டல் 15+6+15 = 36, அதாவது 6×6. எந்தத் தெருவிலும் இதே கதைதான்: எல்லா எண்களின் கூட்டல், நம் வீட்டு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். ஆனால் 1 முதல் 8 வரையான கூட்டல் என்பது 8×9-இல் பாதி. ஆக, 8×9 ஒரு வர்க்கத்தின் இரட்டிப்பு. அடுத்தடுத்த எண்களுக்கு 1ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. எனவே ஒன்று முழு வர்க்கமாகவும், மற்றது வர்க்கத்தின் இரட்டிப்பாகவும் இருந்தே தீர வேண்டும். 9 = 3×3. 8 = 2×2×2.

அதாவது, ஒரு வர்க்கமும் இன்னொரு வர்க்கத்தின் இரட்டிப்பும் ஒன்றே ஒன்றால் வேறுபடும் இடங்களைத் தேடுகிறோம். இங்கேதான் இரண்டின் வர்க்கமூலம் நுழைகிறது. 12 அங்குலச் சதுரப் பலகையின் மூலைவிட்டத்தை அளந்தால் 17 அங்குலத்துக்கு மயிரிழை குறைவாக வரும். 17×17 = 289; 12×12-இன் இரட்டிப்பு 288. ஒன்றுதான் வித்தியாசம்!

இரண்டின் வர்க்கமூலத்தின் தொடர்பின்னத்தை அடியடியாக வெட்டினால் இப்படிப்பட்ட பின்னங்கள் வரிசையாக வரும்: 1/1, 3/2, 7/5, 17/12, 41/29. மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டினால் புதிய கீழெண். அதோடு பழைய கீழெண்ணைச் சேர்த்தால் புதிய மேலெண். ஒவ்வொரு அடியிலும் அந்த ஒன்று அப்படியே நிற்கும், கூட்டலும் கழித்தலும் மட்டும் மாறி மாறி வரும். எனக்கு இந்தப் புதிரில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் மேலையும் கீழையும் பெருக்க வேண்டியதுதான், வீட்டு எண் வந்துவிடும். மேலெண்ணின் வர்க்கம், கீழெண் வர்க்கத்தின் இரட்டிப்பு, இந்த இரண்டில் சிறியதுதான் தெருவில் உள்ள வீடுகளின் எண்ணிக்கை. 3×2 = 6, நாம் பார்த்த வீடு. 7×5 = 35, அதன் தெருவில் 49 வீடுகள்; 50 என்ற எல்லையை ஒரு வீட்டில் தவறவிடுகிறது. 17×12 = 204, தெருவில் 288 வீடுகள். இதுதான் விடை. 41×29 = 1189, அதற்கு 1681 வீடுகள் வேண்டும்; 500ஐ எப்போதோ தாண்டியாயிற்று.

அடுத்த பின்னம் 99/70. தெருவின் நீளத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.