பகடையைத் திட்டிப் பாருங்கள்

"சார், நல்லா டிரில் செய்தவனைப் பாராட்டினால் மறுநாள் சொதப்புகிறான். சொதப்பியவனைத் திட்டினால் மறுநாள் ஒழுங்காகச் செய்கிறான். அப்போ பாராட்டவே கூடாதா?"

மாணவர் படையில் ஒரு ஸ்குவாடை, அதாவது சிறு அணியை, வழிநடத்தும் பதினேழு வயது கேடட் கேட்ட கேள்வி இது. அவர் பார்த்தது பொய்யில்லை. அதற்கு அவர் நினைத்துக்கொண்ட காரணத்தில்தான் கோளாறு.

1960களில் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு உளவியலாளர் டேனியல் கானமன் வகுப்பெடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டு நல்ல பலன் தரும் என்று அவர் சொன்னதும், அனுபவசாலி ஒருவர் எழுந்து மேலே உள்ள கேள்வியைத்தான் வேறு வார்த்தைகளில் சொன்னார். கானமன் வாதாடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு குறியை வரைந்தார். ஒவ்வொருவரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு நாணயங்களை எறிய வேண்டும். முதல் எறி குறிக்குப் பக்கத்தில் விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது தள்ளிப் போனது. முதலில் மோசமாக எறிந்தவர்கள் தேறினார்கள். யாரும் யாரையும் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. இதே கானமன்தான் 2002-ல் பொருளாதார நோபல் பெற்றவர்.

என்ன நடக்கிறது? இரண்டு பகடைகளை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 3 வந்தால் பகடைகளை நன்றாகத் திட்டிவிட்டு மறுபடி உருட்டுங்கள். மொத்தமுள்ள 36 சாத்தியங்களில் 33-ல் 3-ஐவிடக் கூடுதலாகவே விழும். திருந்திவிட்டன! 11 வந்தால் தட்டிக்கொடுத்துவிட்டு உருட்டுங்கள். அதே 36-ல் 33 சாத்தியங்களில் குறைந்துதான் விழும். தலைக்கனம் ஏறிவிட்டது போலிருக்கிறது.

கேடட்டுக்குள்ளும் இப்படி ஒரு பகடை உருண்டுகொண்டே இருக்கிறது. அவருடைய திறமை ஒரே இரவில் மாறுவதில்லை, மெதுவாகத்தான் வளரும். ஆனால் ஒரு நாள் அணிவகுப்பில் திறமை மட்டுமா தெரிகிறது? முந்தைய இரவுத் தூக்கம், கடிக்கும் பூட்ஸ், பக்கத்தில் நிற்பவர் தப்பாக எடுத்த கால், காற்றில் பாதி கரைந்த கட்டளை, மதிப்பெண் போடும் உங்கள் மனநிலை என்று எல்லாம் கலந்துதான் அந்த நாளின் டிரில். நீங்கள் வாய் திறப்பதோ உச்சத்திலோ பள்ளத்திலோதான். பள்ளத்தில் இருப்பவருக்கு மேலே வருவதுதான் சுலபம்.

இதற்கு 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாக அவர்களைவிடச் சற்றுக் குள்ளமாக இருப்பதை வைத்து ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886-ல் இதை விளக்கினார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. இந்தக் கதையில் உண்மையில் பயிற்சி பெறுவது யார்? தலைவர்தான். திட்டும்போதெல்லாம் அவருக்கு 'முன்னேற்றம்' என்ற பரிசு கிடைக்கிறது. பாராட்டும்போதெல்லாம் ஏமாற்றம். 1948-ல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் பட்டினிப் புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் சரி, 15 விநாடிக்கு ஒருமுறை தீனி கிடைக்க ஏற்பாடு செய்தார். தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவையே அவை திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று வட்டமடித்தது, இன்னொன்று தலையை ஊசலாட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சிறு வயதில் ஒரு ஸ்குவாடின் முன்னால் தொண்டை கிழியக் கத்திய நானும் அந்தப் புறாக்களில் ஒன்று.

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மந்திரித்தவருக்குப் பேர் கிடைப்பதும் இப்படித்தான். மருந்து ஆய்வுகளில் அந்த மருந்து தராத ஒப்பீட்டுக் குழு ஒன்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் குழுவுக்குச் செலவழிப்பது வீண் என்று நினைக்கும் நிர்வாகிகள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

சரி, திட்டுவதால் பலனே இல்லையா? அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் பார்த்ததை வைத்து, திட்டியதால்தான் பலன் வந்தது என்று சொல்ல முடியாது என்கிறேன். தன் விருப்பம், 'என்னால் முடிகிறது' என்ற உணர்வு, கூட்டாளிகளின் நெருக்கம் ஆகியவை ஊக்கத்தை வளர்க்கும் என்று உளவியல் சொல்கிறது. அதையும் என்னை நம்பி ஏற்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

அடுத்த முறை யாராவது சொதப்பினால் பூவா தலையா போடுங்கள். தலை விழுந்தால் வழக்கம்போலத் திட்டுங்கள். பூ விழுந்தால் குரலை உயர்த்தாமல் தவறைக் காட்டி, மறுபடி செய்யச் சொல்லுங்கள். மறுநாள் மதிப்பெண்ணை, முந்தைய நாள் என்ன நடந்தது என்று தெரியாத ஒருவரைப் போடச் சொல்லுங்கள். தலைக்கும் பூவுக்கும் தலா இருபது தடவையாவது சேர்ந்ததும் இரண்டு சராசரிகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.