சீடர்: கற்றுக்கொள்பவர்

கோத்தகிரிப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஆலயத்தில் 'சீஷர்கள்' என்று வாசிப்பார்கள். கூப்பிடு தூரத்திலுள்ள கத்தோலிக்க ஆலயத்தில் அதே பகுதியைச் 'சீடர்கள்' என்று வாசிப்பார்கள். சீர்திருத்தச் சபையார் கையாளும் பழைய வேதாகமம் வடமொழி எழுத்தை விடவில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதைத் தமிழ் ஒலிக்குள் கொண்டுவந்தது. விஷம் விடமாகவும் பாஷை பாடையாகவும் மாறிய வழியில்தான் சிஷ்யன் சீடனானான்.

சிஷ்யன் என்ற சொல்லின் வேர் 'சாஸ்'. கற்பித்தல், நெறிப்படுத்தல் என்பது பொருள். சாஸ்திரமும் சாசனமும் இவ்வேரில் பிறந்தவையே. ஆகவே சீடன் என்றால் கற்பிக்கப்பட வேண்டியவன். நற்செய்திகளின் மூலமொழியான கிரேக்கத்திலோ அவர் 'மத்தேத்தேஸ்', அதாவது கற்றுக்கொள்பவர். 'மந்தானோ' என்னும் வினையின் வழி வந்த பெயர் இது. வடமொழிச் சொல் ஆசிரியரின் பக்கம் நின்று பார்க்க, கிரேக்கச் சொல் கற்பவரின் பக்கம் நிற்கிறது.

இந்த வேறுபாடு சிறியதன்று. வரி தண்டுவோரோடு இயேசு பந்தியமர்ந்ததைப் பரிசேயர் என்னும் யூத சமயக் குழுவினர் குறை கூறியபோது, பலியையன்று, இரக்கத்தையே விரும்புகிறேன் என்பதன் பொருளைப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார் அவர் (மத்தேயு 9:13). அங்கு வருவதும் அதே 'மந்தானோ'தான். இரக்கம் சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்த்த குணம் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அதுவும் கற்க வேண்டிய பாடம் என்பதை உணர்த்தியது இந்த ஒரு வினைச்சொல். விசுவாசமும் அவ்வாறே: அப்போஸ்தலராகிய சீடர்கள் அதைப் பெருகச் செய்யும்படி கேட்டுத்தான் நிற்கிறார்கள் (லூக்கா 17:5).

மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தின் 36ஆம் வசனத்தில் இயேசு மக்கள்மேல் 'மனதுருகினார்' என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. 'பரிவு' என்பது புதிய வழக்கு. கிரேக்க மூலம் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த வினை. பெற்ற வயிறு துடிக்கிறது என்று நம் தாய்மார் சொல்வது அதற்கு மிக நெருக்கமானது.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், புதிதாக வந்த பெண்ணைக் கைதேர்ந்த ஓர் அக்காள் தம் நிரையிலேயே நிறுத்திக்கொண்டார். விளக்கம் ஏதும் இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் அவருடைய விரல்களைப் பார்த்துத்தான் அவள் பழகினாள். எடை போடும் நேரத்தில் அவளுடைய பை தொய்ந்து கிடந்ததைக் கண்டவர், தம் பையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அதில் போட்டார். கொழுந்து கிள்ளுவதை அன்று அவள் எவ்வாறு கற்றாளோ, அவ்வாறே இதையும் கற்றிருப்பாள்.

நேர்த்தமிழ்ச் சொல் வேண்டுவோர் சிலர் 'அடியார்' என்கிறார்கள். இனிய சொல், ஆனால் அதில் பணிவு இருக்கிறது, கற்றல் இல்லை. நன்னூல் வழங்கும் 'மாணாக்கர்' பொருளளவில் சரியாகப் பொருந்தும். எனினும் இன்றைய காதுக்கு அது பள்ளிக்கூடத்தையே நினைவூட்டும். ஆதலால் எழுத்தில் 'சீடர்' என்றே வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு விளக்கும்போது 'இயேசுவிடம் கற்றுக்கொள்பவர்' என்று சொல்லிக்கொடுக்கிறேன்.