வீட்டுப் பூண்டை ரசத்துல போடுங்க, கால்ல வச்சு கட்டாதீங்க

பச்சைப் பூண்டை நசுக்கி தோல்ல வச்சு கட்டாதீங்க. டிரெஸ்ஸிங் ரூம்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் இங்கயும் எழுதறேன்.

நான் மலேசியாவுல, செபராங் பிறையில ஒரு கிளினிக்ல புண்ணுக்கு கட்டு போடுற மிஸ்ஸி, அதாவது நர்ஸ். போன வாரம் ஒரு அக்கா வந்தாங்க. பிளாட் பால்கனியில தொட்டியில பூண்டு நட்டிருக்காங்க, அதைப் பிடுங்கி இடிச்சு கால் பெருவிரல் நகத்துல இருக்கற பூஞ்சைக்கு வச்சு, மேல பிளாஸ்டர் சுத்தி ராத்திரி பூரா அப்படியே விட்டுட்டாங்க. காலையில பிரிச்சா நகத்தைச் சுத்தி கொப்புளம், விரலுக்கு அடியில தோல் வெந்து வெள்ளையா நனைஞ்சு உரிஞ்சு கிடக்கு. எரியலையாக்கான்னு கேட்டேன். "ஒண்ணுமே தெரியல மிஸ்ஸி"ங்கறாங்க. ரொம்ப வருஷமா இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, கால்ல உணர்ச்சி குறைஞ்சு போனது அவங்களுக்கே தெரியல.

அதுக்கப்புறம் சொன்னாங்க பாருங்க, எல்லாரும் சொல்றது அதான்: "கடையில வாங்கினது இல்ல, நானே நட்டது, மருந்தே அடிக்கல." இதைக் கேட்டாதான் எனக்கு ஆத்திரமா வருது. உங்க தோலை வேக வச்சது பூச்சி மருந்து இல்லக்கா, பூண்டேதான். முழுப் பல்லா இருக்கும்போது அது சாது. நசுக்கின உடனே உள்ள தனித்தனியா இருந்த ரெண்டு பொருள் கலந்து அல்லிசின்னு ஒண்ணு உண்டாகுது, அந்தக் கார வாடையே அதுதான், எரிக்கறதும் அதுதான். பூச்சி, பூஞ்சை எல்லாம் தன்னைத் தின்னக்கூடாதுன்னு பூண்டு வச்சிருக்கற ஆயுதம் அது. சீனாவுலேர்ந்து வந்த பூண்டா, நீங்க ஆசையா தண்ணி ஊத்தி வளத்த பூண்டாங்கற வித்தியாசமெல்லாம் அதுக்குக் கிடையாது, சொல்லப்போனா அப்பதான் பிடுங்கினது காயாம சாறு நிறைய இருக்கும், தோல்ல இன்னும் நல்லா ஒட்டும். மருந்து அடிக்காதது சாப்பிடறதுக்கு நல்லதுதான், ஆனா அதனால அது தோலுக்கு மருந்தாயிடாது. லேப்ல பூஞ்சையைக் கொல்லுதேன்னு வாட்ஸ்அப்ல வந்ததைக் காட்டுறாங்க. கொல்லும், நான் இல்லைங்கல. ஆனா எது பூஞ்சை, எது உங்க சதைன்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது, அதுலயும் பிளாஸ்டர் போட்டு மூடிட்டா சாறு காயவும் வழியில்ல, ராத்திரி முழுக்க உள்ளயே ஊறி வேலை செய்யும்.

பூண்டு வளக்காதீங்கன்னு சொல்லல. நம்ம ஊர் சூட்டுல பெரிய பூண்டு விளையறது கஷ்டம், அதுக்குக் குளிர் வேணும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல புவிசார் குறியீடு வாங்கினதுன்னா அங்க மலைக்குளிர் இருக்கு, இங்க கடலோரத்துல ராத்திரியே புழுங்குது. அதனால தொட்டியில இலைதான் நிறைய வரும், கீழ மிஞ்சிப்போனா பல் பிரியாத ஒத்தப் பூண்டு. இலையை வெட்டி முட்டையில போடுங்க, மீ கோரெங்ல போடுங்க, பூண்டை ரசத்துல தட்டிப் போடுங்க. சூடு பட்டா அந்த அல்லிசின் உண்டாகறது நின்னு போகும், தட்டும்போது உண்டானதும் சிதைஞ்சு போகும், அதான் வெந்த பூண்டு நாக்கை எரிக்கறதில்ல.

வேற ஒண்ணு, எங்க டிபார்ட்மென்ட் இல்ல, ஆனாலும் சொல்லிடறேன். பச்சைப் பூண்டை எண்ணெய்ல போட்டு பாட்டில்ல அடைச்சு மேசை மேல வைக்காதீங்க. காத்து போகாத எண்ணெய்க்குள்ள பாட்டுலிசம்ங்கற, உடம்பை வாதமாக்கற நோயைக் கொண்டுவர்ற கிருமி நஞ்சு உண்டாக்கும், வாடையும் மாறாது ருசியும் மாறாது. 1985-ல கனடாவுல வான்கூவர்ல அந்த மாதிரி பாட்டில் பூண்டாலயே 30 பேருக்கு மேல படுத்தாங்க. பிரிட்ஜ்ல வச்சு நாலு நாளுக்குள்ள முடிச்சிருங்க, இல்லாட்டி ஃபிரீசர்ல போடுங்க.

ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க, பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ நிறைய எடுத்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. சமையல்ல போடறதுக்குப் பயப்பட வேணாம்.

ஏற்கனவே வச்சு கட்டியிருந்தா இப்பவே பிரிங்க. பைப் தண்ணியில இருபது நிமிஷம் நல்லா ஓடவிட்டுக் கழுவுங்க. பற்பசை, கிச்சாப், மஞ்சள் எதுவும் தடவாதீங்க, கொப்புளத்தை ஊசியால குத்தாதீங்க, அந்தத் தோல்தான் இப்ப உங்களுக்கு கட்டு. சுத்தமான துணியால லேசா மூடிட்டு கிளினிக்குக் கிளம்புங்க. முகத்துல பட்டிருந்தாலோ குழந்தைக்குப் பட்டிருந்தாலோ காத்திருக்கவே கூடாது.

பாட்டிமார்கிட்ட கும்பிட்டுக் கேக்கறேன். சளிக்குன்னு கைக்குழந்தை பாதத்துலயும் நெஞ்சுலயும் பூண்டை இடிச்சு வச்சு கட்டாதீங்க. அந்தத் தோல் ரொம்ப மெல்லிசு, எரியுதுன்னு சொல்லவும் பிள்ளைக்கு வாய் இல்ல, அழுதா பசிக்குதுன்னுதான் நினைப்பீங்க.

இனிப்புநீர் உள்ளவங்க, 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டுல பெரியவங்கள்ல ஏறக்குறைய ஆறுல ஒருத்தர், நகப் பூஞ்சைக்கோ கால் ஆணிக்கோ வீட்டுல எதுவும் வச்சு கட்டாதீங்க, பூண்டு மட்டுமில்ல, சுண்ணாம்பும் வேணாம், கடையில விக்கற கால் ஆணி பிளாஸ்டரும் வேணாம். அரசாங்க கிளினிக்ல காலைக் காட்டுங்க. நீங்க வந்து காட்டினா நாங்க திட்டமாட்டோம், பிரிச்சுப் பாத்து கட்டுப் போட்டுவிடத்தான் நாங்க உக்காந்திருக்கோம்.