மயங்கியவர் வாயில் மருந்தை ஊற்றலாமா? ஒரு விளையாட்டு விதியும் மருத்துவ உண்மையும்

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன் நான். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டை ஆடுவதும் வழக்கம். 2014-இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பின்படி, உயிர்ப்புள்ளிகள் பூஜ்யமானதும் ஒரு கதாபாத்திரம் பெரும்பாலும் நினைவிழந்து விழுகிறது. பிறகு முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும்: 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை விழுந்தால் உயிர் தங்கும், அதற்குக் கீழே மூன்று தடவை விழுந்தால் மரணம். இதற்கிடையே தோழர் ஒருவர் குணமாக்கும் மருந்தை வாயில் புகட்டிவிட்டால், விழுந்தவர் அக்கணமே கண்விழித்துவிடுவார். ஆட்டத்தின் விறுவிறுப்புக்கு இவ்விதி அவசியம்தான்.

ஆனால் நினைவிழந்தவருக்கு விழுங்கும் திறனும் இருமும் திறனும் மழுங்கியிருப்பதால், வாயில் ஊற்றுகிற எதுவும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி மூச்சை அடைக்கலாம், நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். மயங்கி விழுந்தவருக்குச் சோடா வாங்கிப் புகட்டும் நம் ஊர்ப் பழக்கமும் இதே ஆபத்தைக் கொண்டதுதான். சர்க்கரை நோயாளி தாழ்சர்க்கரையால் தடுமாறும்போது, நினைவோடு விழுங்க முடிகிற வரையில்தான் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பிய பிறகு அவருக்குத் தேவை நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ்.

அப்படியானால் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது? முதலில் அவர் தோளைத் தட்டி அழையுங்கள். பதில் இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சு சீராக இருந்தால், வாயில் ஊறும் எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லாவிட்டாலோ, விட்டுவிட்டு வாயைத் திறந்து திணறினாலோ, உடனே நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்தத் தொடங்குங்கள்.

அந்த விளையாட்டில் களைப்புக்கான விதி உண்மைக்குச் சற்று நெருக்கமானது. அதே பதிப்பில் அதற்கு ஆறு படிகள் உண்டு. இரண்டாம் படியில் நடைவேகம் பாதியாகும், ஐந்தாம் படியில் அசையவே முடியாது, ஆறாம் படியில் மரணம். உணவும் நீரும் உண்டு நெடிய ஓய்வெடுத்தால் ஒரு படி குறையும். உடல் படிப்படியாகத் தளர்வதை இவ்வளவு எளிமையாகச் சொல்லியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் வெயிலில் உழைத்தவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அதைக் களைப்பு என்று எண்ணித் தூங்கவிடாதீர்கள். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை பாதிக்கப்படுவதே வெப்பவாதம். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடைகளைத் தளர்த்தி, உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.