ஊர் திரும்பியவரின் வியர்வை

டொராண்டோவில் 11 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுக் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிய வாசகர் ஒருவர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமக்கு இந்த வெயில் ஏன் இப்படித் தாங்கவில்லை என்றும், குளிர்நாட்டில் இருந்தால் இரத்தம் கெட்டியாகிவிடும் என்று தம் அத்தை சொல்வது உண்மையா என்றும் கேட்டிருக்கிறார்.

அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெயிலில் பழகத் தொடங்கிய சில நாட்களிலேயே உடல் உப்பையும் நீரையும் கூடுதலாகத் தேக்கிக்கொள்வதால் பிளாஸ்மா என்னும் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, இரத்தம் சற்றே நீர்த்துவிடுகிறது. குளிரூருக்குப் போன சில வாரங்களில் அந்த உபரி வற்றிவிடுகிறது. தோலுக்கும் தசைகளுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்பவேண்டிய இதயம், கைவசம் உள்ள அளவு போதாமல் வேகமாகத் துடிக்கிறது. மாடிப்படி ஏறினால் வரும் படபடப்புக்கு இது முக்கியக் காரணம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இது தணிந்துவிடும்.

இந்த மாற்றங்களில் எனக்கு ஆகப் பிடித்தது வியர்வைச் சுரப்பியின் வேலைதான். நம் தோலில் ஏறத்தாழ 20 முதல் 40 லட்சம் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் நூற்கண்டுபோல் சுருண்ட ஒரு பகுதி. அங்கிருந்து தோலின் மேற்பரப்பு வரை ஒரு மெல்லிய குழாய். சுருளில் ஊறும் நீர்மத்தில் இரத்தத்தில் உள்ள அளவுக்கே உப்பு இருக்கிறது. அது அப்படியே வெளியேறினால் ஒரு நாள் வெயிலில் உடலின் உப்புக் கையிருப்பு பெருமளவு கரைந்துபோகும். ஆனால் குழாயின் சுவரில் உள்ள செல்கள், கடந்துபோகும் நீர்மத்திலிருந்து உப்பின் ஒரு கூறான சோடியத்தைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. மற்றொரு கூறான குளோரைடும் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. அந்தச் சுவர் தண்ணீரை எளிதில் விடாது என்பதால், தோலுக்கு வந்து சேர்வது உப்புக் குறைந்த நீர்த்த வியர்வை. வெயிலில் உப்பை இழக்க இழக்க, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, இந்த மீட்பு வேலையைத் தீவிரப்படுத்துகிறது. ஊர் திரும்பிய முதல் வாரத்தில் கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடுகள் படிவதையும், வெயிலில் பழகப் பழக அவை மங்குவதையும் வாசகர் தம் வீட்டுக் கொடியிலேயே பார்க்கலாம். அந்த முதல் வாரத்தில் உப்புப் போட்ட நீர்மோர் உண்மையிலேயே பயனுள்ளது.

வியர்வையை ஆராய்வதற்கெல்லாம் பணமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1948இல் நியூயார்க்கில் வீசிய வெப்ப அலையில் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோய் இருந்தது. அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பதை 1953இல் மருத்துவர் பால் டி சான்ட் ஆக்னீஸ் குழுவினர் நிறுவினர். குழாயில் குளோரைடு திரும்பும் வழி அடைபட்டிருப்பதே காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. இன்றும் அந்த நோயை உறுதிசெய்வது வியர்வைப் பரிசோதனைதான்.

வெயில் பழகியவருக்கு வியர்வை குறையும் என்று வாசகர் எதிர்பார்த்திருந்தால், வரும் நாட்களில் நடப்பது நேர்மாறாக இருக்கும்: முன்னதாகவே வியர்க்கத் தொடங்கும், அதிகமாகவும் வியர்க்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சென்னையின் புழுக்கத்தில் அதில் ஒரு பங்கு ஆவியாகாமல் சொட்டி வீணாவது வேறு கதை. இந்தப் பழக்கம் படிய 7 முதல் 14 நாட்கள் ஆகும். அதற்கு உடல் தினமும் சிறிது நேரமாவது சூடாகி வியர்க்க வேண்டும்; ஏசி அறையிலிருந்து ஏசி காருக்குப் போகிறவருக்கு ஆண்டு முழுதும் முதல் நாள்தான். முதியவர்களும் இதய நோயாளிகளும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

சுரப்பிகளின் மொத்த எண்ணிக்கை பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆனால் அவற்றில் எத்தனை செயல்படத் தொடங்கும் என்பது பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் தட்பவெப்பத்தைப் பொறுத்தது என்று ஜப்பானிய உடலியல் அறிஞர் யாஸ் குனோ கண்டார்: வளர்ந்தபின் வெப்பநாட்டுக்குக் குடியேறிய ஜப்பானியர்களுக்கு அந்த எண்ணிக்கை கூடவில்லை, அங்கேயே பிறந்த அவர்களின் குழந்தைகளுக்குக் கூடியிருந்தது. அப்படிப் பார்த்தால், மயிலாப்பூரில் விழித்த வாசகரின் சுரப்பிகளை டொராண்டோ உறங்கவைத்திருக்காது. அங்கே பிறந்த அவர் மகளுக்கு விழித்தவை குறைவாக இருக்கலாம். இருப்பவை ஒவ்வொன்றும் கூடுதலாகச் சுரக்கவும் உப்பை மீட்கவும் அப்பாவுடையதைப் போலவே பழகிக்கொள்ளும்.