பதினோராவது கொத்து

இரவு எட்டு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு முன்னால் நின்று பாருங்கள். காலி வீதி பஸ் இரைச்சலையும் மீறிக்கொண்டு இரும்புத் தட்டின் சத்தம் கேட்கும். ஒரு கொத்துக்குச் சராசரியாக 5 நிமிடம் என்று வைப்போம். அப்படியென்றால் கொத்துப்போடும் அண்ணையால் மணித்தியாலத்துக்கு 12 போடலாம். ஆட்கள் நேரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முட்டைக் கொத்து சட்டென்று முடியும், சீஸ் கொத்து இழுக்கும். மணித்தியாலத்துக்கு 6 ஓடர் வந்தால், தன் முறை வரும்வரை ஒருவர் சராசரியாக 5 நிமிடம் நிற்பார். 9 ஓடர் வந்தால் 15 நிமிடம். 10 வந்தால் 25. 11 வந்தால் 55 நிமிடம்!

கூடியது ஒரேயொரு கொத்து. காத்திருப்போ இரண்டு மடங்குக்கும் மேல். 12 ஓடரும் வரத் தொடங்கினால் வரிசை நீண்டுகொண்டே போகும், அண்ணை ஒரு நிமிடமும் ஓயாமல் தட்டினாலும்.

ஏன் இப்படி? ஆளில்லாமல் நின்ற பத்து நிமிடத்தை அவரால் எடுத்து வைத்துப் பிறகு பாவிக்க முடியாது. அது போனது போனதுதான். ஆனால் ஐந்து பேர் ஒன்றாக வந்தால் அந்தச் சுமை அடுத்த மணித்தியாலத்துக்கும் தொடரும். நெரிசலைக் கரைக்கக்கூடியது இடையில் வரும் ஓய்வு மட்டும்தான். 11 ஓடர் வரும் கடையில் அந்த ஓய்வு மணித்தியாலத்துக்கு 5 நிமிடம்தான்.

இந்தக் கணக்குக்கு வித்திட்டவர் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த எர்லாங். அழைப்புகள் ஒழுங்கில்லாமல் வருவதைக் கணிதத்தில் பிடித்து 1909 இல் எழுதினார். எரிக்சன் கம்பனியில் பிறந்த எர்லாங் நிரல்மொழிக்கும் அவர் பெயர்தான்.

எங்கள் மென்பொருள் அலுவலக நாட்காட்டியும் இந்தத் தட்டும் ஒன்றுதான். எட்டு மணித்தியால வேலைநாளில் எட்டு மணித்தியாலத்துக்கும் வேலை பங்கிட்டுவிட்டு, அதை நல்ல நேர முகாமைத்துவம் என்கிறோம். பத்து மணிக்கு சேர்வர் ஒன்று விழுகிறது, பதினொன்றுக்கு வாடிக்கையாளர் ஒரு மாற்றம் கேட்கிறார். இரண்டையும் வைக்க நாளில் இடமில்லை. எனவே அவை இரவுக்குப் போகின்றன, பிள்ளை நித்திரைக்குப் போகும் நேரத்தைத் தின்கின்றன. இதற்கு, இப்படி மாட்டிக்கொள்ளும் பொறியியலாளரைச் சோம்பேறி, ஒழுங்கில்லாதவர் என்று குறைசொல்வது எனக்குக் கோபத்தை வரவைக்கும். அவர் பதினோராவது கொத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

1961 இல் கணிதவியலாளர் ஜோன் கிங்மன் இன்னும் தெளிவாகக் காட்டினார். காத்திருப்பு என்பது மூன்றின் பெருக்கம் மாதிரி: நாள் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வேலைகள் எவ்வளவு ஒழுங்கில்லாமல் வருகின்றன, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது. அதே ஆண்டில் ஜோன் லிட்டில் நிறுவிய விதி இன்னும் எளிது. கையில் 20 வேலை, வாரத்துக்கு 4 முடிகிறது என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 5 வாரம் கையில் கிடக்கும். முடிக்கும் வேகம் மாறாமல், தொடங்கிவைத்த வேலைகளை 8 ஆகக் குறைத்தால் 2 வாரம்.

கிங்மன் சொன்ன மூன்றில் கடைசியானது, ஒரு வேலைக்குப் பிடிக்கும் நேரம்தான், கொழும்புக்காரரை அதிகம் கடிக்கிறது. கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் காலை 10.30, எங்களுக்கு இரவு 11. அங்குள்ளவர்களுடன் மீற்றிங் வைத்தால் அந்த நேரம்தான். காலை ஆறுக்கு எழும்பியவர் அப்போது 17 மணித்தியாலம் விழித்திருக்கிறார். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997 இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அந்த நிலையில் எழுதும் நிரலில் பிழை விழும். அந்தப் பிழை மறுநாள் காலையில் இன்னொரு ஓடராக வந்து நிற்கும். நானும் ஒருமுறை இரவு மீற்றிங் முடிந்த கையோடு ஒரு சின்னத் திருத்தம் போட்டேன். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எங்கள் குழுவில் மூன்று பேருக்கு இரண்டு நாள் போனது.

இப்போது நாட்காட்டியில் தினமும் பின்னேரம் இரண்டிலிருந்து நான்கு வரை வெறுமையாக விடுகிறோம். "அந்த நேரம் என்ன செய்வீர்கள்?" என்று முகாமையாளர் கேட்டபோது, கொத்துக்கடைக் கணக்கைத்தான் தாளில் போட்டுக் காட்டினேன். 55 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. போன புதன்கிழமை இரண்டரைக்கு ஒரு தரவுத்தளம் இடம் நிரம்பி நின்றது. வெறுமையாக இருந்த அந்த நேரத்துக்குள்ளேயே சரிசெய்துவிட்டு, வேறெந்த வேலையையும் தள்ளாமல் கொள்ளுப்பிட்டியில் ரயில் ஏறினேன். வெள்ளவத்தையில் இறங்கும்போது கடலுக்கு மேல் வெயில் இன்னும் மிச்சமிருந்தது.